வலது கையைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்த வண்டி

ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கிற தம்பிகளே, இப்போது நம் தொழிலுக்குள் எட்டு வைத்திருக்கிற தங்கச்சிகளே,

எந்த நட்டை எத்தனை இறுக்க வேண்டும் என்று நான் இதில் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே படமாக ஓடுகிறது, என்னைவிட நன்றாகவும் சொல்லிக் கொடுக்கிறது. முப்பத்தெட்டு வருடம் நாமக்கல்லில் டூவீலர் பட்டறை வைத்திருந்தேன். மூடி இரண்டு வருடமாகிறது. அத்தனை வருடத்தில் நான் செய்த தப்புகளிலேயே அதிகமாக நாற்றமடித்த தப்பு எதுவோ அதைத்தான் சொல்லப் போகிறேன். நாற்றம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. போகப் போகத் தெரியும்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் பட்டறைக்கு வந்தவர்கள் வாயிலிருந்து பொறுக்கியது. வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர் கூடவே ஒரு சொலவடையையும் விட்டுவிட்டுப் போவார். வண்டி மறுநாள் போய்விடும், சொலவடை என்னிடமே தங்கிவிடும். இந்தக் கதையிலும் ஒரு சொலவடை உண்டு. அதை ஆயிரம் தடவை நானே ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். அர்த்தம் தெரிந்தது அறுபது வயதுக்கு மேல்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஆவணிக் கடைசியில் ஒரு நாள் காலை, பட்டறை வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். பின்னால் உட்கார்ந்து வந்தவன் அவள் புருஷன், முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடியே இறங்கி, விட்டபடியே நடந்து வந்து, விட்டபடியே பேச்சை ஆரம்பித்தான். எனக்குச் சுருக்கென்றது. பெரிய மனுசன்கிட்டப் பேசுகிற லட்சணமா இது என்று நினைத்து, "கையச் சித்தெ வெளிய எடுத்துட்டுப் பேசு சாமி" என்றேன்.

"அது தானா வராதுங்ண்ணா. எடுத்து உட்டாத்தான் வரும்" என்றான். இடது கையால் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, தேங்காயை வைப்பது போல என் மேஜை மேல் வைத்தான். "வலது கை லீவுல போயிருக்குதுங்க. எப்ப டூட்டிக்கு வருமின்னு சொல்லாம போயிருச்சு."

பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது எனக்கு. அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

பெயர் தங்கராசு. முட்டை லைன் ஓட்டுகிறவன். லைன் என்றால், கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டு தினமும் ஒரே பாதையில் டீக்கடை, மெஸ், பரோட்டாக் கடை, மளிகைக் கடை என்று வரிசையாகப் போட்டுவிட்டு வருவது. ஒரு பக்கம் சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரம் வரைக்கும், இன்னொரு பக்கம் மோகனூர் வரைக்கும் அவன் லைன். முந்தின வருடம் அடிவாரத்திலிருந்து திரும்பும்போது ஒரு மயில் குறுக்கே பறந்ததில் விழுந்தான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. தோள்பட்டையில் நரம்பு இழுபட்டு, அன்றிலிருந்து கை தொங்கிப் போய்விட்டது. தேறலாம், தேறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அவன் படுத்த பிறகு, மாட்டையும் பால் சொசைட்டியையும் தவிர எங்கும் போகாத அவன் மனைவி சரசு ஒரே வாரத்தில் மொபெட் பழகி, மோகனூர்ப் பக்கத்து லைனை எடுத்துக்கொண்டாள். சேந்தமங்கலம் பக்கத்துக்குப் பண்ணை வேனே போய் வந்தது. பண்ணைக்காரர் முதலில் சரி என்றார், பிறகு முனகினார், கடைசியில் கூப்பிட்டே சொல்லிவிட்டார்: "புரட்டாசி பொறக்குது. பாதி ஊரு முட்டையத் தொடாது. அந்த ஒரு மாசம் உனக்குத் தவணை. ஐப்பசி ஒண்ணாந்தேதி வண்டியோட வந்து நின்னீன்னா லைன் உன்னுது. இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவேன், கோவிச்சுக்காதே. ஒரு கை தட்டி ஓசை வருமாடா தங்கராசு?"

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

தங்கராசு இடது கையை ஓங்கித் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினான். பட்டறையே திரும்பிப் பார்த்தது. "வந்துச்சுங்களான்னு கேட்டேனுங்க."

அந்தச் சத்தத்திலேயே நான் விழுந்துவிட்டேன். லைன் ஓட்டின தன் பைக்கை ஒரே கையால் ஓட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுக்கக் கேட்டுத்தான் வந்திருந்தான். இவனுக்குச் செய்யாமல் வேறு யாருக்கு வண்டி செய்து கொடுக்கப் போகிறோம் என்று தோன்றியது.

சரசு மட்டும் சிரிக்கவில்லை. மொபெட்டைப் பிடித்தபடி நின்று, "செய்யறதுன்னா நல்லாச் செய்யுங்கண்ணா. இன்னொருக்கா உழுந்தாருன்னா தூக்கி வெக்க எனக்கும் ரெண்டு கைதானுங்க இருக்குது" என்றாள்.

இந்த மாதிரி வேலை வந்தால் முதலில் காகிதத்தைப் பாருங்கள். டாக்டர் சான்று வேண்டும். வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வேண்டும். உரிமத்திலும் அதற்கான பதிவு வேண்டும். இதற்காகத் தங்கராசு எத்தனை தடவை அலைந்தான் என்பதை அவனே ஒரு நாடகமாக நடித்துக் காட்டுவான், ஆபீசுக் குரலோடு. அலையட்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வேலை செய்து கொடுத்தால் நாளைக்கு அவனுக்கு ஒன்று ஆனபோது நாம் ரோட்டில் நிற்போம், அவன் குடும்பமும் நிற்கும்.

வண்டி வேலையில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆக்சிலேட்டரை இடது பக்கம் மாற்றினேன். கிளட்ச் எப்போதும் போல அங்கேயே. வலது கையால் ஒரே நேரத்தில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் பிடிக்கிறோமே, அது போல இடது கையால் இவை இரண்டையும் பிடிக்கலாம். காலால் மிதித்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற பிரேக் அந்த வண்டியிலேயே இருந்தது. ஸ்டார்ட்டர், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். லேத்துக்காரர் இரண்டு சாமான் கடைந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் முடிந்தது.

முடித்ததும் பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தேன். லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் சேசிஸ் நிறுத்துகிற இடம் அது. ஆறு சுற்றுச் சுற்றினேன். பூ மாதிரி ஓடியது. சட்டென்று பிரேக் அடித்தேன், கல் மாதிரி நின்றது. இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்தேன். அப்போது என் வலது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொன்னேன். மைதானத்தின் ஓரத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வயலுக்குப் போட ஒரு லோடு கோழி எரு இறக்கி வைத்திருந்தார். பச்சை எரு. முந்தின நாள் மழையில் நனைந்து, கண் எரிகிற வாசம். அதைத் தார்ப்பாயால் மூடச் சொல்லலாமா என்று நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

தங்கராசு ஏறினான். கிளம்பினான். முதல் கியர், இரண்டாவது கியர். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சேசிஸ் மேலிருந்த வெல்டர்கள் கை தட்டினார்கள். ஒரு சுற்று முடித்து எங்களை நோக்கி வந்தவன், நிறுத்திக் காட்டலாம் என்று பிரேக்கை மிதித்தான்.

ஹேண்டில் வலது பக்கம் வெட்டியது. யாரோ பிடித்து இழுத்தது போல வண்டி திரும்பி நேராக எருக் குவியலுக்குள் போனது. பொதக் என்று ஒரு சத்தம்.

நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினோம். ஒரு கீறல் இல்லை. தலை முதல் கால் வரைக்கும் எரு. வாயைத் துடைத்துக்கொண்டு, "பன்னெண்டு வருசமா முட்டைய மட்டும்தான் எடுத்துட்டுப் போனேன். கோழிக்கு மத்ததும் சேத்துக் குடுக்கோணும்னு ஆசை போலிருக்குதுங்க" என்றான். வெல்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரசு சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவன் சிரிப்பும் நின்றுபோனது.

இங்கே கவனியுங்கள். அந்த நேரத்தில் நான் சொன்னது இதுதான்: "பழக்கமில்லாததுனால வந்தது. வண்டில ஒண்ணுமில்ல. நானே ஓட்டிப் பாத்தேன். ரெண்டு நாள் ஓட்டினாச் சரியாயிரும்."

வண்டியை மாற்றிக் கொடுத்தவன் நான், விழுந்தவன் அவன், குற்றம் யார் மேல் போட்டேன் பாருங்கள். நம் தொழிலில் வாயில் தயாராக நிற்கிற வாக்கியம் இது. வண்டில ஒண்ணுமில்ல. இதைச் சொல்ல வாய் வரும்போதெல்லாம் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சரசு அவன் தோளில் இருந்த எருவைத் தன் கையாலேயே வழித்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், "தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தானுங்க தெரியும். வண்டியப் பிரிச்சுருங்க" என்றாள். அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பட்டறை திறக்கும்போது தங்கராசு தனியாக நின்றிருந்தான். பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"ண்ணா, சாவியக் குடுங்க."

"அம்மிணி பிரிக்கச் சொல்லிட்டுப் போச்சு."

"அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க. பின்னாடி மைதானத்துலயே ஓட்டிப் பழகிக்கறேன். ஐப்பசிக்கு இன்னும் பன்னெண்டு நாளுதானுங்க இருக்குது. வேணும்னா என்ற பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இடது கையில போட இப்பப் பழகிட்டேன்."

"வேண்டாம் சாமி."

"நேத்து நீங்கதானுங்க சொன்னீங்க, ரெண்டு நாள்ல சரியாயிருமின்னு?"

என் வார்த்தையே என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே நிற்கிறவனுக்கு லைன் போனால் பிழைப்புப் போச்சு. சாவி என் இடுப்பில் இருக்கிறது. கொடுத்துவிட்டால் நான் நல்லவன், அவன் சந்தோசமாகப் போவான், அடுத்த தடவை எருக் குவியல் இருக்கிற இடத்தில் லாரி இருக்கும். கொடுக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் எனக்கே தெரியாது. வண்டி ஏன் வெட்டியது என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு முப்பத்தாறு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சொன்னேன். "ஏன் அப்படித் திரும்புச்சுன்னு எனக்குத் தெரியல தங்கராசு. தெரியாம சாவி குடுக்க மாட்டேன். தெரிஞ்சுக்கறதுக்கு ஒரே வழிதான். என்ற கையக் கட்டு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! என் தோளில் இருந்த துண்டை எடுத்து, இடது கையாலும் பல்லாலும் இழுத்து, என் வலது கையை உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். "எச்சா இறுக்கறேனுங்களா?" "இறுக்கு." "ரொம்ப நாளா யாரையாச்சும் கட்டோணும்னு இருந்துச்சுங்க."

ஏறினேன். ஏறுவதற்கே மூன்று தடவை முயற்சி செய்தேன். ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்த வலது கை தானாக வெளியே வரத் துடித்தது. கிளம்பியதும் ஒரு ஈ மூக்கின் மேல் உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை. ஊதினேன், போகவில்லை. தங்கராசு கூடவே ஓடி வந்தான். "ஈய மறந்துருங்க! ரோட்டப் பாருங்க! ஒடம்ப விறைக்காதீங்க!" எனக்கே வாத்தியாராகிவிட்டான்.

பிரேக் அடித்தேன்.

அப்போது தெரிந்தது. வண்டி நின்றாலும் நம் உடம்பு நிற்பதில்லை, முன்னால் போகிறது. இரண்டு கையிருந்தால் இரண்டு பக்கமும் சமமாக ஊன்றித் தாங்கிக்கொள்வோம். ஒரே கையென்றால் மொத்த பாரமும் அந்த ஒரு பக்கத்தைத் தள்ளும். இடது பக்கத்தைத் தள்ளினால் ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பும்? நான் சோதித்தபோது என் வலது கை சும்மா இருக்கவில்லை. கைப்பிடி மேல் உட்கார்ந்துகொண்டு, எனக்கே தெரியாமல் பாதி பாரத்தைத் தாங்கியிருக்கிறது.

இதையெல்லாம் நிதானமாக யோசித்தது பிற்பாடு. அந்த நிமிடத்தில் நான் எருக் குவியலுக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கியிருந்தேன். தங்கராசு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தான். "பழக்கமில்லீங்ண்ணா. ரெண்டு நாள் ஓட்டினாச் சரியாயிரும்!"

அடுத்த ஒரு வாரமும் கையை அவிழ்க்கவில்லை. டீ குடித்தது, சாப்பிட்டது, ஸ்பேனர் பிடித்தது எல்லாம் இடது கையால். ஒவ்வொன்றும் ஒரு பாடம். பெட்ரோல் டேங்க் மூடியைச் சாவி போட்டுத் திறக்க இரண்டு கை வேண்டும் என்று உங்களில் யாருக்குத் தெரியும்? வண்டியைப் பின்னால் தள்ள என்ன பாடு படவேண்டும்? இதற்கிடையில் ஊருக்குள் வேறு செய்தி பரவிவிட்டது, மெக்கானிக்குக்குப் பக்கவாதம் என்று. டீக்கடைக்காரர் கண் கலங்கிச் சர்க்கரை குறைத்துப் போட்டார். மூன்றாம் நாள் மோகனூரிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு சாத்துக்குடிப் பையுடன் வந்து இறங்கிவிட்டாள். நான் துண்டுக்குள்ளிருந்தே விரல்களை ஆட்டிக் காட்டியதும், விருந்தாளியாக வந்த ஒறம்பரைக்குச் சந்தோசத்தைவிடக் கோபம்தான் அதிகம். சாத்துக்குடியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காரணம் தெரிந்துவிட்டது, வழி தெரியவில்லை. இடது கைப்பிடியை நடுவை நோக்கி இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினேன். வெட்டுவது பாதி குறைந்தது. பாதி போதாது. ஹேண்டிலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் போனது.

அப்போதுதான் லாரி சீட் தைக்கிற ஒரு மனிதரிடம் போய் நின்றேன். அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது, ஊரே அவரைக் குஷன்காரர் என்றுதான் கூப்பிடும். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னுங்க மெக்கானிக்கு, கையக் கட்டிப் போட்டுட்டு வாய மட்டும் அவுத்து உட்டுட்டீங்களா?"

கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கை, கைன்னே பேசறீங்க. அந்த ஆளு எது மேல உக்காந்திருக்கறான்?" என்றார்.

"சீட்டு மேல."

"அத ஒருத்தனாச்சும் பாத்தீங்களா? கொல்லிமலை எறங்கற லாரியில டிரைவரு ஸ்டியரிங்கு மேலயா போயி உழுகறான்? இடுப்பும் தொடையும் அவனைப் புடிச்சு வெக்குதுங்க. சீட்டு சரியில்லாதவனுக்குத்தான் கை வலிக்கும். முப்பது வருசமா டிரைவருங்க கை வலின்னு வருவாங்க, நான் சீட்டத் தச்சு அனுப்புவேன்."

முப்பத்தாறு வருடம் வண்டியைப் பிரித்து மாட்டியவனுக்கு, ஊசி நூல் பிடிக்கிறவர் சொல்லிக் கொடுத்த விஷயம் இது. பக்கத்துப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்காதவன் அரை மெக்கானிக்தான்.

வண்டியைக் கொண்டு வரச் சொன்னார். பின் சக்கரத்தை ஒரு கட்டை மேல் ஏற்றினார். வண்டி மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. "ஏறி உக்காருங்க. இருக்கற ஒரு கையையும் மேல தூக்குங்க." தூக்கினேன். வழுக்கிக்கொண்டு போய் டேங்கில் முட்டினேன். முட்டிய இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டைக் கழற்றி, நடுவில் குழித்து, முன்பக்கத்தைத் தூக்கித் தைத்தார். மறுபடி ஏறச் சொன்னார். மறுபடி முட்டினேன். டேங்கின் இரண்டு பக்கமும் தொடை பிடிக்கிற மாதிரி கெட்டி ரப்பர் வெட்டி ஒட்டினோம், அவர் அளவு சொல்ல நான் ஒட்டினேன். நாலாவது தடவை ஏறி, தொடையால் டேங்கைக் கவ்விக்கொண்டு கையைத் தூக்கினேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

"இப்பக் கைக்கு என்ன வேலை?" என்றார்.

"வண்டியத் திருப்பறது மட்டும்."

"அதுக்கு ஒரு கை போதாதா?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து நூலைக் கடிக்க ஆரம்பித்தார்.

ஐப்பசிக்கு ஐந்து நாள் இருக்கும்போது வண்டியைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கராசு வீட்டுக்கே போனேன். கையை அவிழ்க்காமலேயே போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சரசு குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யோ, அண்ணனுக்குக் கைக்கு என்னாச்சுங்க?"

"காச்சல் வர வெச்சுப் பாத்தேன் அம்மிணி. ஒரு வாரமா அடிக்குது."

ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

சிரித்து முடித்தபின் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். சீட்டை அமுக்கிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு அட்டை முட்டையோடு வந்தாள். முப்பது முட்டை.

"நான் பின்னாடி உக்காருவேன். இது என்ற மடியில இருக்கும். தோட்டத்துப் பாதையில மூணு நடை. ஒண்ணு ஒடஞ்சாலும் வண்டியப் பிரிச்சுப் போடோணும். சம்மதமுங்களா?"

தங்கராசு அலறினான். "ஏ புள்ள, ரெண்டு கை இருந்தப்பவே தெனம் ஒண்ணு ரெண்டு ஒடையும்!"

"அது அப்ப."

கிளம்பினார்கள். தொடையால் டேங்கைக் கவ்வு, கையில் ஊன்றாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் கையை அவிழ்த்துக்கொண்டு அவளுடைய மொபெட்டில் பின்னால் போனேன். முதல் நடை மெதுவாகப் போய் மெதுவாக வந்தான். இரண்டாவது நடையில் நாலு இடத்தில் நிறுத்திக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் அவள் குனிந்து அட்டையைப் பார்த்தாள். மூன்றாவது நடையில் தென்னைமரத்துத் திருப்பம் தாண்டி நேர்ப்பாதையில் நல்ல வேகம் பிடித்தான். சோளக்காட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளாட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு பாதை நடுவில் குதித்தது.

சொல்லிக் கொடுத்தபடி செய்வானா, பழைய பழக்கத்தில் கையில் ஊன்றிவிடுவானா?

அவன் தொடை இரண்டும் டேங்கைக் கவ்வியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். புழுதி எழும்பியது. வண்டி நேராக, தன் சக்கரத் தடம் மாறாமல், குட்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஹேண்டில் இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். "ஏ புள்ள... ஒடஞ்சுதா?"

சரசு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். வரிசை வரிசையாக, அவசரமே இல்லாமல். "முப்பது" என்றாள். அப்புறம் என்ன தோன்றியதோ, "நின்னுருச்சு மாமா!" என்று கத்திக்கொண்டே அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அட்டை சாய்ந்தது. ஓரத்து முட்டை ஒன்று உருண்டு, பாதையில் விழுந்து, பொட்டென்று உடைந்தது.

மூன்று பேரும் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டுக்குட்டி வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"பேச்சுன்னா பேச்சுதானுங்க" என்றாள் சரசு, முகத்தை இறுக்கிக்கொண்டு. "ஒண்ணு ஒடஞ்சு போச்சு."

"அது வண்டி ஒடச்சதில்ல, நீ ஒடச்சது! ண்ணா, நாயத்தச் சொல்லுங்க!"

"நாயம் அப்புறம் சொல்றேன். பிரிக்கறதுக்கு ஸ்பேனர் கொண்டாரல அம்மிணி" என்றேன். அவளால் அதற்கு மேல் முகத்தை இறுக்கி வைக்க முடியவில்லை.

மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டினோம். அதிகாரி நாலு விதமாக ஓட்டச் சொல்லி, திடீரென்று நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். சீட்டை யார் தைத்தது என்று கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி ஒன்றாம் தேதி விடியற்காலை தங்கராசும் சரசும் இரண்டு வண்டியில் பண்ணைக்குப் போய் நின்றார்களாம். பண்ணைக்காரர் மொத்த லைனையும் அவன் பேருக்கே எழுதப் போக, சரசு குறுக்கே புகுந்து, "மோகனூரு ஆத்துப் பக்கத்து லைன் என்னுதுங்க. புதுசா ஆறு கடை நான் புடிச்சிருக்கறேன். அவரு மலைப்பக்கத்தப் பாத்துக்கட்டும்" என்றிருக்கிறாள். அவர் வாய் திறப்பதற்குள் ஏற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டாளாம்.

அன்றைக்கு எனக்குப் பட்டறையில் கை ஓடவில்லை. ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சேந்தமங்கலம் ரோட்டில் அவன் லைனில் இருக்கிற ஒரு பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தேன். டீ சொல்லிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தான். இரண்டு பக்கமும் முட்டைப் பெட்டி, அதன் மேல் அடுக்கு. கடை வாசலில் நேராக வந்து நின்றான். காலால் ஸ்டாண்டைத் தள்ளி, இறங்கி, ஒரு அட்டையை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு படியேறினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் பதறி எழுந்து, "இரப்பா, இரப்பா, நாங்க எடுக்கறோம்" என்று ஓடினார்கள். அவன் முகம் லேசாகச் சுருங்கியதை நான் பார்த்தேன்.

கல்லில் கொத்திக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரண்டிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "மணி என்னடா ஆச்சு? புரட்டாசி முடிஞ்சு ஊரே முட்டைக்கு வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்குது, தொரை மாப்பிள்ளையாட்டம் ஆடி அசஞ்சு வாரீங்களா? நாளைக்கும் இப்படி வந்தீன்னா வேற ஆளப் பாத்துக்குவேன் ஆமா!"

எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு வருடமாக அந்த மனுசனை யாருமே திட்டியிருக்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முட்டை அட்டையை மேஜை மேல் டொக்கென்று வைத்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "பாத்துக்கங்க, பாத்துக்கங்க! எவன் வாரான்னு நானும் பாக்கறேன்! மொதல்ல பழைய காலி அட்டை எங்கீங்க? அதத் திருப்பிக் குடுக்கத் துப்பில்ல, பேச வந்துட்டாரு பேச!"

காலி அட்டைகளைக் கட்டி ஏற்றிக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, அடுத்த கடையை நோக்கித் திரும்புகிற வரைக்கும் இரண்டு பேரும் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.